சுத்த ஜாதகம்

என் மகளுக்குப் பதினான்கு வயது. கோடை விடுமுறைக்குப் பண்ருட்டி வந்திருந்த அவளுடைய பெரியம்மா மகன் ஒரு விளையாட்டைக் கற்றுக்கொடுத்தான். 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. பகடையும் தாளும் பென்சிலும் போதும், மற்றதெல்லாம் கற்பனை. ஆடுகிறவர் முதலில் தனக்கொரு பிறப்பை எழுதிக்கொள்ள வேண்டும். இவள் டிராகன் வம்சத்தில் பிறந்தவளாக எழுதிக்கொண்டாள். முட்டையை விட்டு வந்த சில மணி நேரத்தில் நடப்பாளாம். மூன்று வயதில் பத்து வயதுப் பிள்ளையின் வளர்த்தி, பதினைந்தில் முழு ஆள், எண்பது வரை ஆயுள். மூச்சில் நெருப்பு வர வேண்டுமா நஞ்சு வர வேண்டுமா என்பதுகூட அவள் விருப்பம்தான்.

“ரத்தத்துலயே டிராகன் இருக்கு ஆயா. அதான் அவளோட பலம்” என்று பாட்டிக்கு விளக்கினாள். என் அம்மா ஒன்றும் சொல்லாமல் பலாக்கொட்டையை உரித்துக்கொண்டிருந்தாள். அவள் ஏன் பேசவில்லை என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் ரத்தத்தில் பாம்பு உள்ள பெண் நான்தான்.

என் ஜாதகத்தில் ஏழாம் இடத்தில் ராகு. நாக தோஷம். வரன் பார்க்கத் தொடங்கியபோது வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ‘சுத்த ஜாதகம்’. அப்படியென்றால் என்னுடையது அசுத்தம். வெள்ளிக்கிழமைதோறும் முந்திரித் தோப்பு ஓரத்துப் புற்றுக்கு அம்மா பால் ஊற்றினாள், முட்டை வைத்தாள். இரண்டு ஆண்டுகள் கழித்து ஒருநாள் புது ஜாதகம் வந்தது. என் பிறந்த நேரம் நாற்பது நிமிடம் தள்ளிப்போயிருந்தது. லக்னம் ஒரு கட்டம் நகர, ராகு ஆறாம் இடத்துக்குப் போய்விட்டது. அடுத்த தையில் எனக்குக் கல்யாணம்.

வகுப்பில் மணிமேகலை நடத்தும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும். நாகநாட்டு இளவரசி பீலிவளை புகாரின் கடற்கரைச் சோலையில் சோழனைச் சந்திக்கிறாள். ஒரு மாதம் உடனிருந்துவிட்டு, சொல்லாமல் போகிறாள். பிள்ளை பெற்று, வணிகன் ஒருவனின் கப்பலில் தகப்பனிடம் அனுப்புகிறாள். கப்பல் உடைகிறது, பிள்ளை காணாமல் போகிறது. துயரத்தில் சோழன் இந்திரவிழாவை மறக்க, புகாரைக் கடல் கொள்கிறது. அரசனின் துயரத்துக்கு ஓர் ஊரே அழிகிறது. அதே பிள்ளையை இழந்த தாயின் துயரத்துக்குக் காப்பியத்தில் இடமில்லை. நாகப்பெண்ணின் வாழ்க்கை வட்டம் இவ்வளவுதான்: தோன்ற வேண்டும், கூட வேண்டும், மகனைத் தர வேண்டும், மறைந்துவிட வேண்டும்.

மகன் மட்டும் மறைவதில்லை. தொண்டைமான் இளந்திரையனைச் சோழனுக்கும் நாகக்கன்னிக்கும் பிறந்தவன் என்கிறார் நச்சினார்க்கினியர். பல்லவர்களின் வேலூர்ப்பாளையம் செப்பேடு, அவர்களுடைய முன்னோன் ஒருவன் நாக அரசன் மகளை மணந்து அரசச் சின்னங்களைப் பெற்றதாகச் சொல்கிறது. இங்கிருந்து தெற்கே போனால் சிதம்பரம். கூத்தப்பெருமானின் ஆட்டத்தைக் காணும் பேறு பெற்ற பதஞ்சலி இடுப்புக்குக் கீழே பாம்பு. கோணிகை என்ற பெண்ணின் குவித்த கைகளில் வந்து விழுந்தவர் என்பது கதை. பாதி பாம்பான ஆண் முனிவர், பாம்பின் வழிவந்தவன் அரசன். பெண்ணிடம் மட்டும் அதே பாம்பு தோஷமாகிறது.

பாம்பை நாம் பார்த்த லட்சணமும் இப்படித்தான். சாரை ஆண், நாகம் பெண், இரண்டும் பின்னிப் பிணையும் என்று சொல்லி வளர்த்தார்கள். இரண்டும் வேறு வேறு இனம். தோப்பில் நிமிர்ந்து முறுக்கிக்கொள்பவை பெரும்பாலும் சண்டையிடும் இரண்டு ஆண் சாரைகள். ஆண்களின் சண்டைக்கு நடுவில் ஒரு பெண்ணை நாமே கற்பித்து, அவளுக்கு நஞ்சையும் பழிவாங்கும் குணத்தையும் கொடுத்துவிட்டோம். உண்மையான பெண் நல்ல பாம்பு பத்து முதல் முப்பது முட்டை வரை இட்டு, குஞ்சு பொரியும்வரை சுமார் இரண்டு மாதம் காவல் இருக்கிறது. நாம் ஊற்றும் பால் அதற்கு உணவே இல்லை.

இதையெல்லாம் வகுப்பில் சொல்ல எனக்குத் தயக்கமில்லை. சென்ற ஆண்டு ஒரு மாணவி வந்தாள். முந்திரிக்கொட்டை உடைத்துப் படிக்கவைக்கும் தாயின் மகள். மூன்று இடம் தட்டிப்போய்விட்டதாம், தோஷமாம். பரிகாரத்துக்குக் கீழப்பெரும்பள்ளம் போக இரண்டு நாள் விடுப்பு கேட்டாள். பூம்புகாருக்குப் பக்கத்து ஊர் அது. ஒரு சோழன் ஜாதகம் கேட்காமல் நாகப்பெண்ணை நேசித்த அதே கடற்கரைப் பக்கம். நான் பீலிவளையைப் பற்றிப் பேசினேன், தோஷம் என்று ஒன்றில்லை என்றேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “உங்களுக்குத் தோஷம் இருந்திருந்தா இப்பிடிப் பேசியிருப்பீங்களாம்மா?” என்றாள்.

நான் விடுப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அம்மா சொன்ன பொய் தவறா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யையும் வாய்மையோடு சேர்த்துக்கொள்ள வள்ளுவர் இடம் தருகிறார். அந்தப் பொய்யால் எனக்கு நன்மைதான் வந்தது. ஆனால் குற்றமற்ற நன்மையா? தோஷக்காரியான நான் கட்டிய வீடு இடிந்துவிடவில்லை, கணவர் நன்றாக இருக்கிறார். அந்த நம்பிக்கை பொய் என்பதற்கு என் வாழ்க்கையே சாட்சி. அந்தச் சாட்சியை நாற்பது நிமிடத்துக்குள் ஒளித்துவைத்திருக்கிறோம். இப்படித் திருத்திய ஜாதகங்கள் இந்த ஊரில் எத்தனை வீட்டுப் பெட்டிகளில் இருக்கும்? ஒவ்வொன்றும் ஒரு பெண்ணைத் தப்பவைக்கிறது, அடுத்த பெண்ணுக்கு விதியை இறுக்குகிறது. ஆகவே அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். அவள் கையில் வேறு ஆயுதம் இருக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகும், வேலை கிடைத்த பிறகும் நான் வாயைத் திறக்காமல் இருந்தேனே, அந்த மௌனம் என்னுடைய தவறு.

இந்தக் கோடையில் அம்மா என்னைத் தனியாக அழைத்தாள். பேத்தியின் ஜாதகத்திலும் ராகு அங்கேயேதான் இருக்கிறதாம். “இப்பவே மாத்தி எழுதிடலாம்டி, பின்னால அலைய வேணாம்.” வேண்டாம் என்றேன். “நீ சம்பளக்காரி, பேசுவ” என்றாள். அது உண்மைதான். சம்பளம் இருப்பவள்தான் முதலில் பேச வேண்டும் என்பதற்கும் அதுவே காரணம்.

கணவரிடம் அன்றிரவு சொன்னேன். சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, “எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லாத” என்றார். அச்சில் வந்த பிறகு அத்தை எப்படி எடுத்துக்கொள்வார் என்று தெரியவில்லை.

அந்த மாணவி தேர்வு முடித்துப் போய்விட்டாள். அவள் கேட்டதற்கு நான் தர வேண்டிய பதில் இது: இருந்தது, இருக்கிறது. ஏழாம் இடத்தில்.