விலையும் மதிப்பும்

ஒரு பொருளின் விலை யாது என்னும் வினாவுக்குச் சந்தை விடை கூறும். அதன் மதிப்பு யாது என்னும் வினாவுக்கு மனித உள்ளமே விடை கூறுதல் வேண்டும். இவ்விரு விடைகளும் எப்போதும் ஒத்திருப்பதில்லை. அண்மையில் இவ்வுண்மையை எனக்கு உணர்த்தியது பழைய மகிழுந்து ஒன்று.

பத்து காஜாவில் நண்பர் ஒருவரின் அண்டை வீட்டு முற்றத்தில், ‘எம்.ஜி. டி.சி.’ என்னும் ஆங்கிலேய மகிழுந்து விற்பனைக்கு நின்றது. இருவர் மட்டுமே அமரத்தக்கது. துணிக்கூரையை மடக்கிவிட்டால் வானமே கூரை. இங்கிலாந்தின் ஆபிங்டன் நகரில் 1945 முதல் 1949 வரை இவ்வகை வண்டிகள் ஏறத்தாழ 10,000 செய்யப்பட்டன. அத்தொழிற்சாலையும் 1980இல் மூடப்பட்டது. உரிமையாளர் சொன்ன விலையோ ஓர் ஆசிரியரின் சில ஆண்டு ஊதியம்! அவர் பொறியின் எண்ணையும் அடிச்சட்டத்தின் எண்ணையும் காட்டி, “எண்கள் மாறவில்லை ஐயா, அதனால்தான் இந்த விலை” என்றார்.

அச்சொல் என்னைச் சிந்திக்க வைத்தது. அவர் விற்க நின்றது இரும்பை அன்று, நினைவை. எங்கே பிறந்தது, எந்த ஆண்டில் பிறந்தது என்னும் வரலாறு சிதையாதிருப்பதே அதன் விலைக்குக் காரணம். ஆனால், அந்த நினைவு முழுமையானதா?

சக்கரம் இன்றி வண்டி இல்லை. ரப்பர் இன்றி அச்சக்கரம் ஓடுவதில்லை. 1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட ஒன்பது கன்றுகளோடு பேராக்கில் ரப்பர் வேரூன்றியது. பின்னர்க் காடு தோட்டமாயிற்று. கங்காணிகளின் வழி கடல் கடந்து வந்த தமிழர், விடியுமுன் பிரட்டுக்களத்தில் நின்று, நிரை நிரையாய்ப் பால்மரம் வெட்டினர். வண்டிகளின் பற்றாசிலும் தாங்கிகளிலும் சேர்ந்த வெள்ளீயத்தை உலகுக்கு வாரி வழங்கியது நம் கிந்தா பள்ளத்தாக்கு. இந்த வண்டியின் சக்கரத்தில் ஓடியது எந்தத் தோட்டத்துப் பால் என்று எவரால் கூறவியலும்? பொறிக்கு எண் உண்டு. பால் வெட்டிய கைக்கு எண்ணும் இல்லை, பெயரும் இல்லை.

“உழைத்தவனுக்குக் கூலி கொடுத்தாயிற்று, அத்துடன் கணக்கு முடிந்தது” என்பார் உளர். அங்ஙனமாயின், ஆபிங்டன் தொழிலாளிக்கும் அன்றே கூலி கொடுத்தாயிற்று. அவனும் பெயர் அறியப்படாதவனே. எனினும் அவன் கைவண்ணத்துக்காக இன்றும் பொருள் கொட்டுகிறோம். கூலியோடு உழைப்பின் கணக்கு முடிவதில்லை என்பதற்கு அந்த வண்டியின் விலையே சான்று. திருவள்ளுவர் ‘செய்ந்நன்றி அறிதல்’ எனத் தனி அதிகாரமே வகுத்ததும் கொடுத்துத் தீராத கடன் ஒன்று உண்டு என்பதனாலன்றோ?

நம் ஊருக்கு அருகே கெல்லி மாளிகை நிற்கிறது. 1926இல் வில்லியம் கெல்லி ஸ்மித் லிஸ்பனில் மறைந்தார், மாளிகை முற்றுப்பெறவில்லை. முற்றுப்பெறாத கட்டடத்துக்கும் அவர் பெயர் நிலைத்தது. அங்குள்ள மாரியம்மன் கோயிலின் மேல் அவருடைய உருவமும் இருக்கிறது. கல் சுமந்தவர்களின் பெயர்களை எங்கே தேடுவது?

பிறரை மட்டும் குறை கூறுதல் அறமாகாது. என் குடும்பத்திலும் பால்வெட்டும் உளி ஒன்று இருந்தது. பிடி தேய்ந்து, கைவிரல் பதிந்த குழியோடு இருந்தது. வீடு மாறியபோது பழைய இரும்போடு இரும்பாக எடைக்குப் போட்டோம். அன்று கிடைத்த சில்லறை எவ்வளவு என்பதுகூட நினைவில்லை. ஆங்கிலேயன் வண்டிக்கு ஏட்டைக் காத்தவர்கள் உள்ளனர். நம் பாட்டியின் கருவிக்கு ஓர் ஆணியில் இடம் கொடுக்க நாம் எண்ணவில்லை. அதன் மதிப்பை முதலில் மறந்தவர் யார்? நாமே.

மகிழுந்தை வெறுக்க வேண்டா. அழகிய பொருளை அழகியதெனப் போற்றுவதில் பிழையில்லை. போற்றும்போது, அதன் பின்னே நின்ற எல்லாக் கைகளையும் எண்ணுதல் வேண்டும். மாணவர்கள் தம் வீட்டு முதியோரிடம் எந்தத் தோட்டம், எந்த நிரை, எத்தனை மரம் என்று கேட்டு எழுதி வைப்பாராக. ஆசிரியர்கள் கேட்கத் தூண்டுவாராக. கேட்பாரின்றிப் போகும் நினைவை எந்த விலை கொடுத்தும் மீண்டும் வாங்க இயலாது.