அந்தரத்தில் நிற்கும் சிட்டும் தவக்குலும்

 

'அல்முல்க்' சூராவை இரவுதோறும் ஓதிவரும் இல்லங்கள் நம்மில் ஏராளம். அதன் 19-வது வசனத்தில், தலைக்கு மேலே இறகை விரித்தும் மடக்கியும் செல்லும் பறவைகளைப் பார்க்கவில்லையா என்று இறைவன் வினவுகிறான். அர்ரஹ்மானைத் தவிர வேறெவரும் அவற்றைத் தாங்கி நிற்கவில்லை என்றும் அறிவிக்கிறான். அங்கே விரிப்பதைப் பெயர்ச்சொல்லாலும், மடக்குவதை வினைச்சொல்லாலும் கூறியிருக்கும் நுட்பத்தை ஸமக்ஷரீ தமது தஃப்ஸீரில் எடுத்துக் காட்டுகிறார். பறத்தலில் விரிந்திருப்பதே அடிப்படை நிலை, மடக்குவது இடையிடையே நிகழ்வது என்பது அவரது விளக்கம். பருந்து வட்டமிடுவதைப் பார்த்தவருக்கு இது உடனே விளங்கும்.

பருந்துக்குக் கிடைக்கும் அந்த ஓய்வு கிடைக்காத பறவை ஒன்றும் அவன் படைப்பில் உண்டு. ஆங்கிலத்தில் ஹம்மிங் பறவை என்றழைக்கப்படும் ரீங்காரச் சிட்டுதான் அது. அமெரிக்கக் கண்டங்களைத் தவிர வேறெங்கும் அது இயற்கையாக வாழ்வதில்லை. நம் வீட்டுச் செம்பருத்திக்கு வரும் தேன்சிட்டு வேறு இனம். அது பெரும்பாலும் காம்பில் அமர்ந்தே தேன் குடிக்கும். ரீங்காரச் சிட்டோ மலரின் முன்னே அந்தரத்தில் நின்றபடி குடிக்கும். கியூபா நாட்டில் உள்ள ஒரு வகையின் எடை ஏறத்தாழ 2 கிராம்தான்! பறவைகளிலேயே மிகச் சிறியது அதுவே.

அது எப்படி நிற்கிறது? ஆழமான கிணற்றில் நின்ற நிலையில் நீந்துகிறவன் கைகளை முன்னும் பின்னுமாகத் துழாவுவதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீரைத் துழாவிக்கொண்டே இருப்பதால்தான் அவன் தலை மேலே நிற்கிறது. இந்தச் சிட்டும் அவ்வாறே காற்றைத் துழாவுகிறது. மற்றப் பறவைகள் இறகை மேலும் கீழும் அடிக்க, இது முன்னும் பின்னுமாக, படுக்க வைத்த 8 என்னும் எண்ணைப் போல் வீசுகிறது. பின்னோக்கி வீசும்போது இறகு முழுவதும் புரண்டு, அடிப்பக்கம் மேலாகிவிடும். தோள்மூட்டும் மணிக்கட்டும் அப்படித் திரும்பும்படி அமைக்கப்பட்டுள்ளன. ஒரு வினாடிக்கு ஐம்பது முறை அளவில் இப்படி வீசும் வகைகள் உண்டு. அதைத் தாங்குவதற்காக உடல் எடையில் கால் பங்குக்கும் மேல் பறக்கும் தசையாகவே இருக்கிறது.

2005-ல் வெளியான ஓர் ஆய்வில், இறகு கிளப்பிய காற்றுச் சுழலை அளந்து பார்த்தார்கள். உடலைத் தாங்கும் விசையில் ஏறத்தாழ 75 சதவிகிதம் முன்வீச்சிலும், 25 சதவிகிதம் பின்வீச்சிலும் கிடைப்பதாகக் கண்டார்கள். பூச்சிகளுக்கு இரு வீச்சிலும் ஏறக்குறைய சரிபாதி. மற்றப் பறவைகள் மெல்லப் பறக்கும்போது மேல்வீச்சு பெரும்பாலும் வெறும் மீட்சிதான். இந்தச் சிட்டு இரண்டுக்கும் இடையில் நிற்கிறது! வீசும் தளத்தைச் சற்றே பின்னால் சாய்த்தால் போதும், பின்னோக்கியும் பறக்கும்.

நிற்பதற்குக் கண்ணும் ஓயாது உழைக்கிறது. 2014-ல் வெளியான ஒரு சோதனையில், தேன் குடித்துக்கொண்டிருந்த சிட்டின் எதிரே திரையில் கோடுகளை நகரச் செய்தார்கள். சுற்றுப்புறம் நகர்கிறது என்று கண் சொல்லவே, சிட்டு தன்னையறியாமல் இடம் பெயர்ந்தது. சலனமற்று நிற்பதாக நமக்குத் தோன்றும் அந்த நிலை, கணந்தோறும் பார்த்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளும் நிலை என்பது அதனால் புலப்பட்டது.

'எல்லாம் தசையும் காற்றும் என்றால், தாங்குகிறவன் எங்கே?' என்று கேட்கும் பிள்ளைகள் இன்று நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். அவர்களை அதட்டி அடக்க வேண்டாம். தசைக்கு வலுவையும் காற்றுக்குக் கனத்தையும் தந்தவன் அவனே. காரணங்களைப் படைத்துக் காரியம் நடத்துவது அவனது வழக்கம் என்று பொறுமையாக விளக்குங்கள்.

நம்மை அதிகம் வருத்துவது வேறொன்று. கை கால் சுகத்தோடு இருந்தும், 'அல்லாஹ் தருவான்' என்று திண்ணையில் சாய்ந்திருக்கும் குடும்பத் தலைவர்கள் இருக்கிறார்கள். மனைவி நகையை அடகு வைக்கிறாள், பிள்ளையின் படிப்பு நிற்கிறது, அதற்குப் பெயர் தவக்குல்! உமர் (ரலி) அவர்கள் அறிவிக்க, திர்மிதீயில் பதிவான நபிமொழியை இவர்கள் பாதிதான் கேட்டிருக்கிறார்கள். உண்மையான தவக்குல் வைத்தால் பறவைகளுக்கு ரிஸ்க் அளிப்பது போல் நமக்கும் அல்லாஹ் அளிப்பான் என்று கூறிய நாயகம் (ஸல்) அவர்கள், அப்பறவைகள் பசித்த வயிற்றோடு காலையில் புறப்படுவதையும், நிறைந்த வயிற்றோடு மாலையில் திரும்புவதையும் சேர்த்தே சொன்னார்கள். உழைக்காமல் அமர்ந்து ரிஸ்கை எதிர்பார்ப்பவனைப் பற்றிக் கேட்கப்பட்டபோது, இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்கள் அவனை அறிவில்லாதவன் என்று கண்டித்து, இந்த நபிமொழியையே சான்று காட்டினார்கள். கூட்டிலிருந்து புறப்படுவது பறவையின் வேலையல்லவா?

வட்டிக்கும் பொய்க்கணக்குக்கும் துணிந்து, நாளைக்கு என்னாகுமோ என்று உறக்கம் கெடுகிறவர்களும் இந்தச் சிட்டைப் பார்க்கட்டும். பறக்கும்போது அதன் இதயம் நிமிடத்துக்கு ஆயிரம் முறைக்கும் மேல் துடிக்கக்கூடும். ஒரு நாளில் தன் எடைக்கும் மிஞ்சிய தேனைக் குடித்தாக வேண்டும். அதற்குக் களஞ்சியம் ஏது? குளிர்ந்த இரவில் அந்தச் செலவு தாங்காது என்பதால், சிட்டு தன் உடற்சூட்டை இறக்கிக்கொண்டு மயக்கம் போன்ற ஓர் உறக்கத்தில் ஆழ்கிறது. பகலில் ஏறத்தாழ 40 பாகை செல்சியஸ் இருக்கும் உடல், பெரு நாட்டு மலைகளில் வாழும் ஒரு வகைக்கு 3.26 பாகை வரை இறங்கியதை ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்டார்கள். இதயத் துடிப்பும் மிகவும் தளர்ந்துவிடும். அந்நேரம் கையில் எடுத்தாலும் பறந்து தப்ப அதற்கு இயலாது. பின்பு தசைகளை நடுங்கச் செய்து உடலை மெல்ல மெல்லச் சூடேற்றிக்கொண்டு, இரை தேடப் புறப்பட்டுவிடுகிறது.