இடித்த வீடுகளின் படங்கள்

இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள நியூகாசில் நகரத்தில் பைக்கர் என்ற தொழிலாளர் குடியிருப்பு இருந்தது. சரிவான தெருக்களில் ஒன்றோடொன்று சுவர் ஒட்டிய செங்கல் வீடுகள். பலவற்றில் குளியலறை கிடையாது; மலசலகூடம் பின்முற்றத்தில். நகரசபை இவற்றை இடிக்கத் தொடங்கிய காலத்தில், 1969இல், பின்லாந்தில் பிறந்த இளம் புகைப்படக் கலைஞர் சிர்க்கா-லீசா கொன்ற்றினன் அந்த நகரத்துக்கு வந்தார். பைக்கரிலேயே குடியேறி, தன் வீடும் இடிபடும்வரை ஏழு ஆண்டுகள் அயலவரோடு வாழ்ந்து அவர்களைப் படமெடுத்தார். 1983இல் அப்படங்கள் 'பைக்கர்' என்ற நூலாயின.

1971இல் எடுத்த ஒரு படத்தில் சிறுமி ஒருத்தி பெரிய ரப்பர் பந்தின் மேலிருந்து தெருவில் துள்ளுகிறாள். இப்படியான தெருவை ஏன் இடித்தார்கள் என்று கேட்கத் தோன்றும். ஆனால் படத்தில் குளிர் தெரியாது. ஈரம் ஊறிய சுவரின் மணம் வராது. மாரி இரவில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பின்முற்றத்துக்குப் போன தாய்க்கு எங்களுடைய ஏக்கம் வேடிக்கையாக இருக்கும். அப்படியானால் இந்த ஏக்கம் நேர்மையானதுதானா?

முற்றாகப் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. புதிய குடியிருப்பை வடிவமைத்த றால்ஃப் எர்ஸ்கின் அக்கறையுள்ள மனிதர். முன்பு மலர்ச்சாலையாக இருந்த கட்டடமொன்றில், பைக்கருக்குள்ளேயே அலுவலகம் திறந்து, வந்து போனவர்களின் கருத்தைக் கேட்டார். அயலைக் குலைக்காமல் அங்கேயே குடியமர்த்துவதுதான் நோக்கம் என்றார்கள். அவருடைய 'பைக்கர் சுவர்' குடியிருப்பு 2007இல் பாதுகாக்கப்பட்ட கட்டடமாயிற்று. ஆனால் பழைய பைக்கரின் ஏறக்குறைய 17,000 பேரில் ஐந்திலொரு பங்கினர்கூடப் புதிய பைக்கரில் மிஞ்சவில்லை. இடித்த வேகத்தில் கட்டி முடியவில்லை. காத்திருக்க முடியாதவர்கள் வேறிடம் போனார்கள்.

ஆகவே இழப்பு இரண்டு. வீடு போனது ஒன்று, அயல் போனது மற்றது. முதலாவதைப் பலர் விரும்பினார்கள். இரண்டாவதை விரும்பியவர் யார்? நன்மை செய்ய வருபவர்களின் கணக்குப் புத்தகத்தில் வீட்டுக்கும் குளியலறைக்கும் நிரல் உண்டு, அயலுக்கு இல்லை. கொன்ற்றினனின் படங்கள் அந்த நிரலை நிரப்புகின்றன. அவற்றைப் பார்த்து ஏங்குபவர், தான் எதற்காக ஏங்குகிறார் என்பதைப் பிரித்துச் சொல்லக் கடமைப்பட்டவர்.

இந்தக் கடமை எங்களுக்கும் உண்டு. எங்கள் வீடுகளை நன்மை செய்யவென்று வந்தவர்கள் இடிக்கவில்லை. ஷெல்லும் புல்டோசரும் இடித்தன. அந்த வித்தியாசம் பெரியது. ஆனாலும் தப்பி வந்த ஒரு படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது நாங்கள் முற்றத்தைக் காட்டுகிறோம், மாமரத்தைக் காட்டுகிறோம், கிணற்றைக் காட்டுகிறோம். அந்தக் கிணற்றில் யார் அள்ளலாம், யார் படலைக்கு வெளியே குடத்தோடு காத்து நிற்கவேண்டும் என்றிருந்ததைச் சொல்கிறோமா? படலை படத்தின் ஓரத்தில் இருக்கிறது. வெளியே நின்றவர் படத்தில் இல்லை.

வீட்டை இழந்தவருக்கு ஏங்க உரிமை உண்டு. அதை யாரும் எங்களிடமிருந்து பறிக்க முடியாது. ஆனால் வெளியே நின்றவரின் பிள்ளையும் இன்று இதே நகரத்தில், அடுத்த தெருவில் இருக்கக்கூடும். அவருக்கும் இந்தப் படத்தைக் காட்டி, கிணற்றைப் பற்றிச் சொல்ல எங்களால் முடியுமானால், எங்கள் ஏக்கம் நேர்மையானது.