முளைகளும் கயிறுகளும்





2023 ஆகஸ்டு மாத இதழில், தொப்பூர் கணவாயில் கர்த்தர் எங்களை அற்புதமாய்க் காத்த சாட்சியை எழுதியிருந்தேன். அதை வாசித்து அநேகர் பெலனடைந்ததாகச் சொன்னீர்கள். சிலர் வெளியூர்ச் சபைகளிலும் வாசித்துக் காட்டினீர்களாம். அந்தச் சாட்சியில் நான் எழுதினதெல்லாம் நடந்தது, ஒரு வரியைத் தவிர. ஆனால் நடந்ததையெல்லாம் நான் எழுதவில்லை. இத்தனை மாதமாக ஆவியானவர் என்னை உணர்த்திக்கொண்டே இருந்தார். மீதியை இன்றைக்கு எழுதுகிறேன்.

எங்கள் வேனை கடத்தூரில் எல்லோருக்கும் தெரியும். 1998 மாடல். முதலில் ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றி ஓடின வண்டி. 2016 இல் வாடகை வீட்டைக் காலி செய்தபோது, கிராமங்களுக்கு ஊழியத்துக்கும் ஆகும், தங்கவும் ஆகும் என்று சீட்டுகளைக் கழற்றிவிட்டு, ஒரு பக்கம் கட்டில், ஒரு பக்கம் அடுப்பு மேடை, மேலே தண்ணீர் டேங்க் என்று மாற்றிக் குடியேறினோம். அப்படி இஷ்டத்துக்கு மாற்றிவிடக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 52 ஆம் பிரிவின்படி ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி, ஆர்.சி.யிலும் ஏற்ற வேண்டும். அதை மட்டும் ஒழுங்காகச் செய்தேன். ரேஷன் கார்டுக்கும் ஆதாருக்கும் சபை விலாசம்தான். ஆலய வளாகத்துப் புளியமரத்தடிதான் எங்கள் தெரு.

சில வாலிபர்கள் செல்போனில் ஒரு படம் காட்டினார்கள். நாமக்கல் மாவட்டம் பரமத்தி வேலூரைச் சேர்ந்த அருண் பிரபு என்ற இளைஞர் ஆட்டோவின் மேலேயே 36 சதுர அடியில் படுக்கை, சமையல், கழிவறை எல்லாம் வைத்து ஒரு வீடு கட்டியிருக்கிறார். பார்க்கவே அழகு. "பாஸ்டர், உங்க வேனும் இது மாதிரிதான்" என்றார்கள். எனக்குள்ளே ஒரு பெருமை வந்தது. ஆனால் பிரியமானவர்களே, வண்டிவீட்டைக் கட்டின அன்றைக்குத்தான் போட்டோ எடுப்பார்கள். ஏழாம் வருஷத்தில் கூரை ரிவெட்டு வழியாக ஐப்பசி மழை மெத்தையில் சொட்டும்போது யாரும் போட்டோ எடுப்பதில்லை.

சாதாரண வீடு பழசானால் விரிசல் விடும், அவ்வளவுதான். வண்டிவீடு அப்படி இல்லை. ஓடினால் தேயும், ஓடாமல் நின்றாலும் கெடும். ஒரே இடத்தில் நின்ற டயருக்குப் பட்டன் தேயாமலே பக்கவாட்டில் வெடிப்பு விடும். பேட்டரி தானாக இறங்கும். புளியமரத்து எலி ராத்திரியில் ஒயரைக் கடிக்கும். சமையல் ஆவி தகரத்தின் உள்பக்கம் தண்ணீராய்க் கோத்து, வெளியே பெயின்ட் பளபளக்கும்போதே உள்ளே துரு தின்னும். ரேடியேட்டரில் அவசரத்துக்குப் போர் தண்ணியை ஊற்றினால் உப்புப் படிந்து குழாய் அடைக்கும். (நம் ஜில்லா தண்ணீரின் ஃபுளோரைடுக்காக 2013 இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது. அது நம் பல்லுக்கும் எலும்புக்கும். ரேடியேட்டருக்குக் கூலன்ட்டும் டிஸ்டில்ட் வாட்டரும்தான்.) கேஸ் சிலிண்டர் வைத்த பெட்டிக்குக் கீழே காற்றுப் போக ஓட்டை இருக்க வேண்டும், ஏனென்றால் கசிகிற கேஸ் மேலே போகாது, தரையில்தான் தங்கும்.

இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் விட்டேன். அதுதான் விஷயம்.

என் மனைவி ஒரு பழைய டைரியில் எழுதி வைப்பாள். என்றைக்கு ஆயில் மாற்றியது, என்றைக்குக் கிரீஸ் அடித்தது, எந்தச் சக்கரத்துக்கு எப்போது டயர் போட்டது. 2023 இல் மூன்று முறை என்னிடம் சொன்னாள். "ஏங்க, பிரேக் ஆயில் மாத்தி நாலு வருஷம் ஆவுது. மிதிக்கிறப்ப கால் உள்ள போவுதுன்னு நீங்களே சொன்னீங்களே." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இந்த வண்டியை ஓட்டுறவர் கர்த்தர். அவர் பார்த்துக்குவார்." அவள் வாயை மூடிவிட்டாள். ஒரு ஊழியக்காரன் இப்படிச் சொன்னால் மனைவி அதற்கு மேல் என்ன பேச முடியும்? வேலைக்கென்று எடுத்து வைத்த பணத்தில் ஒரு புது ஹாரன் ஸ்பீக்கர் வாங்கினேன். சத்தம் தூரம் போக வேண்டுமே!

ஜூலை மாதம் சேலத்தில் உபவாச ஜெபம். தர்மபுரியில் கூட்டம் முடித்து அந்த வழியாகவே கிளம்பினோம். நான், மனைவி, நம் சபையின் இரண்டு வாலிப சகோதரிகள். பாளையம் டோல்கேட் தாண்டினால் இறக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டேன். லாரிக்காரர்கள் செய்கிறதைப் பார்த்துப் பழகின கெட்ட பழக்கம். இரட்டைப் பாலத்துக்கு முன்னால் மிதித்தேன். மிதி தரைவரை போய்விட்டது. திரும்பத் திரும்ப மிதித்தேன், பஞ்சு மாதிரி இருந்தது. முன்னால் ஒரு கன்டெய்னர். "இயேசுவே" என்று கத்தினேன். பற்கள் அரைபட்டுச் சத்தம் போட்டாலும் மூன்றாம் கியர் விழுந்தது, பிறகு இரண்டு. ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இடதுபக்க மண்ணில் இறக்கினேன். கன்டெய்னருக்கு ஒரு வண்டி நீளம் இருக்கும்போது நின்றது.

இது வரைக்கும் சாட்சியில் எழுதினேன். அதற்கப்புறம், "ஒருவருக்கும் ஒரு சிராய்ப்பும் இல்லை" என்று எழுதினேன். நான் மேலே சொன்ன அந்த ஒரு வரி இதுதான். வண்டி நின்ற வேகத்தில் அரிசி டின் சரிந்து என் மனைவியின் தோளில் விழுந்தது. பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று அவள் முந்தானையைப் போர்த்திக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை நான் மேடையில் சாட்சி சொல்லும்போது அவள் முதல் வரிசையில் உட்கார்ந்து அல்லேலூயா சொன்னாள், வலது கையைத் தூக்காமல். நாலாம் நாள்தான் காரை எலும்பில் விரிசல் என்று தெரிந்தது. அதற்குள் சாட்சி அச்சுக்குப் போய்விட்டது. திருத்தலாமா என்று நினைத்தேன். திருத்தவில்லை. அற்புதம் சின்னதாகிவிடும் என்று பயந்தேன். இன்றைக்கும் அவளால் அந்தக் கையால் தண்ணீர்க் குடம் தூக்க முடியாது.

வண்டியை மெக்கானிக் பாயிடம் கொண்டுபோனேன். அவர் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார். வீல் சிலிண்டர் வாஷர் கசிந்திருந்தது. பிரேக் ஆயில் காப்பி டிகாக்‌ஷன் மாதிரி கறுத்துப்போயிருந்தது. "இது காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும் பாஸ்டர். இறக்கத்துல மிதிச்சிட்டே வந்தா சூடு ஏறும், அந்தத் தண்ணி ஆவியாயிடும். ஆவியை எவ்வளவு மிதிச்சாலும் பிரேக் புடிக்காது. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும்" என்றார். நான் கர்த்தர் காப்பாற்றின கதையை அவருக்கும் சொன்னேன். முழுவதும் மரியாதையாகக் கேட்டார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, "உங்களைக் காப்பாத்துனாரு, சந்தோஷம். அந்தக் கன்டெய்னர்ல ஒரு கிளீனர் பையன் பின்னால நின்னிருந்தா?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அந்த இரவு தூக்கம் வரவில்லை. மத்தேயு 4 ஆம் அதிகாரத்தை எடுத்தேன். சாத்தான் ஆண்டவரை தேவாலயத்தின் உச்சிக்குக் கொண்டுபோய், குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்கிறான். வாக்குத்தத்தத்தைக் காட்டியே சொல்கிறான்! ஆண்டவர் குதிக்கவில்லை. நான் எத்தனை முறை அந்தப் பகுதியைப் பிரசங்கித்திருப்பேன். நியூட்ரலில் கணவாய் இறங்கினது என்ன? தேய்ந்த பிரேக்கோடு சபையின் பிள்ளைகளை ஏற்றினது என்ன? அதற்கு நான் வைத்த பேர் விசுவாசம்.

வனாந்தரத்தில் நாற்பது வருஷம் இஸ்ரவேலரின் உடுப்பு பழசாகவில்லை, பாதரட்சை தேயவில்லை என்று உபாகமத்தில் இருக்கிறது. அந்த வசனம்தான் என் வேனுக்கு நான் வைத்திருந்த இன்ஷூரன்ஸ். ஆனால் அதே ஜனத்துக்குள் மெராரியின் புத்திரர் என்று ஒரு கூட்டம் இருந்தது. எண்ணாகமம் 4 ஐ மெதுவாக வாசித்துப் பாருங்கள். ஆசரிப்புக் கூடாரத்தின் பலகை, தாழ்ப்பாள், தூண், பாதம், கூடாரம் அடிக்கிற முளை, கட்டுகிற கயிறு எல்லாம் அவர்கள் பொறுப்பு. அவற்றைப் பேர் பேராக எண்ணி ஒப்புவிக்க வேண்டும் என்பது தேவனுடைய கட்டளை. முளையைக்கூட! செருப்பைத் தேயாமல் காக்கிற தேவனுக்கு ஒரு கயிறு அறாமல் காக்கத் தெரியாதா? தெரியும். ஆனாலும் கயிற்றை மனுஷன் கையில் கொடுத்து எண்ணச் சொன்னார். ஏழாம் அதிகாரத்தில் பிரபுக்கள் ஆறு கூண்டுவண்டிகளும் பன்னிரண்டு மாடுகளும் கொண்டுவருகிறார்கள். அதில் நாலு வண்டியும் எட்டு மாடும் மெராரிக்குத்தான் போயிற்று. பாரம் அவர்களுக்கு அதிகம் என்று தேவன் கணக்குப் பார்த்தார். நானோ என் கூண்டுவண்டியில் எந்த முளை கழன்றிருக்கிறது என்று எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணினவளையும் பேசவிடவில்லை.

இன்னொரு பகுதி என்னை இன்னும் குத்தினது. 2 இராஜாக்கள் 12. யோவாஸ் ராஜாவின் இருபத்துமூன்றாம் வருஷம்வரை ஆசாரியர்கள் ஆலயத்தில் பழுதானதைப் பழுதுபார்க்கவே இல்லை. காணிக்கை வராமல் இல்லை. வந்த பணம் பழுதான இடத்துக்குப் போகவில்லை, அவ்வளவுதான். கடைசியில் யோய்தா ஒரு பெட்டி எடுத்து மூடியில் துவாரம் போட வேண்டியதாயிற்று. இதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் எழுந்து, ஹார்லிக்ஸ் பாட்டில் மூடியில் கத்தியால் ஒரு கீறல் போட்டு அடுப்பு மேடையில் வைத்தாள். ஒன்றும் பேசவில்லை. இப்போது எந்தக் காணிக்கை வந்தாலும் முதலில் அதில்தான் விழுகிறது. அதற்கப்புறம்தான் ஸ்பீக்கர்.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்த இரண்டு சகோதரிகளின் பெற்றோரிடமும் போய்ச் சொன்னேன். ஒரு தகப்பன் கோபப்பட்டார். அது நியாயமான கோபம். இன்றுவரை அவர் தன் மகளை என் வேனில் அனுப்புவதில்லை. அவருக்காக ஜெபியுங்கள் என்று எழுத மாட்டேன், எனக்காக ஜெபியுங்கள்.

நம் சபையில் ஒரு சகோதரர் திருச்செங்கோடு ரிக் வண்டியில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவர். போர் போடுகிற அந்தக் கூட்டம் இரண்டு லாரிகளாகப் போகும் என்பது பார்த்திருப்பீர்கள். ஒன்றில் மிஷின், மற்றதில் ராடு, டீசல், தண்ணீர், அரிசி மூட்டை, அடுப்பு. மகாராஷ்டிரா, ராஜஸ்தான் என்று மாதக்கணக்கில் அந்த லாரிதான் அவர்களுக்கு வீடு. சிலர் வண்டிக்கடியில் தார்ப்பாய் கட்டித் தூங்குவார்கள். அவர் சொன்னார்: "ஒவ்வொரு பாயின்ட்டும் முடிச்சுக் கிளம்பறப்ப, ராடு எத்தனைன்னு எண்ணிட்டுதான் சாவி போடுவோம் பாஸ்டர். ஆளுக்கு ஒரு சாமான். கமுட்டு மறந்தா நாலு நூறு கிலோமீட்டர் தள்ளி நின்னு முழிக்கணும்." மெராரியின் புத்திரரைப் பற்றி ஒரு கமென்டரியும் எனக்கு இவ்வளவு தெளிவாக விளக்கவில்லை.

அவர்தான் எனக்கு ஒரு ஒழுங்கைக் கற்றுக்கொடுத்தார். விடியற்கால ஜெபம் முடிந்ததும் சாவி போடுமுன்னே ஒரு சுற்று. ஆயில் கம்பி, ரேடியேட்டர் தண்ணீர், டயர், வீல் நட், வண்டிக்கடியில் ஈரம் இருக்கிறதா என்று ஒரு பார்வை. சக்கரம் கழற்றி மாட்டினால் கொஞ்ச தூரம் ஓடினபின் நட்டை மறுபடியும் இறுக்குவது. மழைக்கு முன்னே கூரை ஏறி ரிவெட்டு ரிவெட்டாகத் தடவிப் பார்த்து, தேவைப்பட்ட இடத்தில் எம்-சீல் வைப்பது. இறக்கத்தில், ஏறுகிற கியரிலேயே இறங்குவது. அந்தக் கணவாயில் 2024 ஜனவரியிலும் இரட்டைப் பாலத்தில் வாகனங்கள் மோதி உயிர்கள் போனதைக் கேள்விப்பட்டீர்கள். நம் சபையில் வண்டி ஓட்டுகிற சகோதரர்கள் அநேகர் இருக்கிறீர்கள். நியூட்ரல் போடாதீர்கள் என்று உங்கள் கையைப் பிடித்துக் கேட்கிறேன்.

வேனை விற்றுவிடுங்கள் என்று சிலர் அன்போடு சொல்கிறீர்கள். 2022 ஏப்ரலிலிருந்து பதினைந்து வருஷம் தாண்டின வண்டிகளுக்கு எஃப்.சி., மறுபதிவுக் கட்டணமெல்லாம் பல மடங்கு ஏறிவிட்டது. உங்கள் கவலை புரிகிறது. பாயிடம் கேட்டேன். இன்ஜின் இருக்கும், அடிச்சட்டத்தில் பின்பக்கம் துரு ஏறிக்கொண்டிருக்கிறது, வருஷா வருஷம் குத்திப் பார்க்க வேண்டும், சுத்தியல் உள்ளே போன அன்றைக்கு நிறுத்திவிடுங்கள் என்றார். அப்படியே செய்வோம். அந்த நாள் வந்தால் ஓரறை வாடகைக்கு எடுப்போம். அதுவரை நானும் மனைவியும் மட்டும் அதில் ஊருக்கு ஊர் போவோம். வேறொருவரை ஏற்றுவதானால் டைரியை முதலில் அவர்களிடம் காட்டுவோம்.

டைரி இப்போதும் அவளிடம்தான். இடது கையால் எழுதப் பழகுகிறாள், எழுத்து கோணல்மாணல். வருகிற சனிக்கிழமைக்கு நேராக "பிரேக் ஆயில், கிரீஸ், மேல் ரிவெட்டு" என்று எழுதியிருக்கிறது. காலை ஏழு மணிக்கு வேன் ஆலய வளாகத்தில்தான் நிற்கும். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த சகோதரர்கள் வந்தால் உதவியாயிருக்கும். பாய் எட்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். டீ எங்கள் அடுப்பில்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் சகோதரன்
கடத்தூர்