டாம் ரிடிலின் அலமாரி

ஹாரி பாட்டர் கதையின் வில்லன் வால்டமார்ட், டாம் ரிடிலாக 1926 டிசம்பர் 31 அன்று லண்டன் அநாதை இல்லம் ஒன்றில் பிறக்கிறான். சிறிது நேரத்தில் தாய் இறந்துவிடுகிறாள். பதினோரு வயதில் மந்திரப் பள்ளி ஆசிரியர் டம்பிள்டோர் அவனைப் பார்க்கப் போனபோது, அவன் அலமாரியில் இருந்தவை மற்ற பிள்ளைகளிடம் பறித்த யோயோ, மவுத் ஆர்கன் வகையறா.

அதே 1930களில், அதே லண்டனில், மனநல மருத்துவர் ஜான் பௌல்பி திருட்டில் சிக்கிய நிஜச் சிறார்களைக் கவனித்துக்கொண்டிருந்தார். 1944இல் வெளியான ஆய்வில் மொத்தம் 44 பேர். பாசமே ஒட்டாதவர்கள் என்று அவர் வகுத்த 14 பேரில் 12 பேர் சிறுவயதில் தாயை நீண்டகாலம் பிரிந்திருந்தவர்கள். ரிடில் அந்தப் பட்டியலில் சுலபமாகச் சேர்ந்துவிடுவான்.

அப்படியானால் கதாநாயகன் ஹாரி ஏன் அப்படி ஆகவில்லை? அவனும் அநாதைதானே? அதுவும் மாடிப்படிக்கு அடியில் படுக்கவைக்கப்பட்டவன்!

பௌல்பியை விமர்சித்த மைக்கேல் ரட்டர் இங்கே கைகொடுக்கிறார். கிடைத்த பாசத்தை இழப்பது வேறு, பிணைப்பே உருவாகாமல் போவது வேறு என்று பிரித்துக் காட்டியவர் அவர். ஹாரிக்குப் பெற்றோரின் அரவணைப்பு 15 மாதங்கள் கிடைத்தது. ரிடிலுக்கு அந்தத் தொடக்கமே இல்லை. ஆனால் அதே இல்லத்தில் வளர்ந்த மற்ற பிள்ளைகள் எவரும் வால்டமார்ட் ஆகவில்லை. அந்த இடத்தில் கோட்பாடு கொஞ்சம் திணறத்தான் செய்கிறது.