நிறுவையும் நியாயத்தீர்ப்பும்

நியாயத்தீர்ப்பு என்றதும் நம்மில் பலருக்கு நெருப்பும் நடுக்கமும்தான் நினைவுக்கு வருகின்றன. பிரசங்கங்கள் அப்படிப் பழக்கிவிட்டன. ஆனால் 96ஆம் சங்கீதத்தில் கர்த்தர் நியாயந்தீர்க்க வருகிறார் என்பதற்காக வயல் களிகூருகிறது, காட்டு மரங்கள் பாடுகின்றன. லூக்கா 18இல் ஒரு விதவை நீதிபதியிடம் விடாமல் வந்து நியாயம் கேட்கிறாள். தீர்ப்பு வரக்கூடாதே என்று அஞ்சுகிறவர்கள் ஒரு பக்கம் இருக்க, தன் வழக்கை எவரும் கேட்டதில்லை என்கிறவளுக்கு அதுவே நற்செய்தி. கடவுளின் வல்லமையிலும் தீர்ப்பிலும் நம்பிக்கை கொள்வது என்றால் என்ன என்பதை இலங்கையின் நானுஓயாவைச் சூழ்ந்த தேயிலை மலைகளிலிருந்து யோசித்தால், இந்த இரண்டாவது பொருள்தான் முன்னால் நிற்கிறது.

இங்கே நாள்தோறும் ஒரு தீர்ப்பு நடக்கிறது. பறித்த கொழுந்து தராசில் ஏறுகிறது. ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் கிலோ கழிகிறது. நிறுவை குறைந்தால் அரைப் பேர், அதாவது அரைநாள் கூலிதான். நீதிமொழிகள் கள்ளத்தராசைக் கர்த்தருக்கு அருவருப்பானது என்று சொல்வதை விளக்க இந்த மலையில் அகராதி வேண்டியதில்லை. பெரிய தராசுகளும் இருந்தன. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பிரித்தது. மிஞ்சிய 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கப்பட்டார்கள். 1974இல் அவர்களையும் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003இல்தான் வந்தது. பங்கிடப்பட்டவர்களை எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆளுகிறவர்களின் தீர்ப்பு எண்ணிக்கையைப் பார்த்தது. யாக்கோபின் நிருபமோ, அறுத்தவர்களின் பிடித்துவைக்கப்பட்ட கூலியே கூக்குரலிட்டு கர்த்தரின் செவியை எட்டுகிறது என்கிறது. அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

கடவுளின் தீர்ப்பை நம்பச் சொல்வது மக்களை அடக்கிவைக்கும் மருந்து என்று சொல்கிறவர்கள் உண்டு. அதை எளிதில் தள்ளிவிட முடியாது. 1854இல் தோட்டத் தமிழர்களிடையே தொடங்கிய மிஷன் தோட்டத் துரைமாரின் ஆதரவோடுதான் நடந்தது; பொறுத்திரு என்ற போதனை யாருக்கு வசதியாயிருந்தது என்று கேட்பது நியாயமே. ஆனால் கடைசிச் சொல் கடவுளுடையது என்று மெய்யாக நம்பினால், துரையின் சொல்லோ அரசின் சொல்லோ கடைசியானதல்ல என்றாகிறது. அந்த எண்ணம் ஒருவரை, காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் தலைகுனிய வைக்காது. 1972இல் கண்டியில் சத்தியோதயம் என்ற சமூக ஆய்வு மையத்தை நிறுவிய இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ், தோட்ட மக்களின் உரிமைக்காகத் தன் வாழ்நாளைச் செலவிட்டார். அந்த விசுவாசம் அவரைச் சும்மா இருக்க விடவில்லை.

இதைவிடக் கடினமான கேள்வி மலையே சரியும்போது எழுகிறது. 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் மண்சரிவில் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பரில் டிட்வா புயலின் மழை நுவரெலியா மாவட்டத்துச் சரிவுகளைப் பெயர்த்தது. இதுவா வல்லமை? இது பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று யாராவது சொன்னால், அவர் லூக்கா 13ஐ வாசிக்கவில்லை. சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்ட பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்பதை இயேசு அங்கே வெளிப்படையாக மறுக்கிறார். மீரியபெத்தை ஆபத்தான இடம் என்று முன்பே எச்சரிக்கை இருந்தது. மக்கள் அங்கேயே விடப்பட்டார்கள். மனிதர் செய்யாமல் விட்டதைக் கடவுளின் தலையில் கட்டுவது பொய்ச்சாட்சி. ஆனாலும், அவர் ஏன் தடுக்கவில்லை என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. சிலுவை அதற்குக் காரணம் சொல்வதில்லை. அநியாயத் தீர்ப்பு பெற்றவரைக் கடவுள் உயிரோடு எழுப்பினார் என்பதை மட்டும் அது காட்டுகிறது. கிறிஸ்தவர் வல்லமை என்று சொல்வது இதைத்தான்.

இந்த நம்பிக்கை நம்மையும் தராசில் ஏற்றுகிறது. கிலோ கழிக்கிற கையும் ஞாயிறன்று ஜெபத்தில் குவியலாம். மத்தேயு 25இல் சிங்காசனத்தில் அமர்ந்திருப்பவர் கேட்பது ஜெபக்கணக்கு அல்ல. பசித்தவனுக்கு என்ன கொடுத்தாய், அந்நியனைச் சேர்த்துக்கொண்டாயா என்பதே. அந்த அந்நியன் தானே என்கிறார் நியாயாதிபதி.