சிரட்டைக்குப் பக்கத்தில் சொம்பு

நம்மை அவமானப்படுத்திய பொருளை நாமே எடுத்துப்போய்க் காட்சிக்கு வைக்கலாமா?

எங்கள் பக்கத்தில் வட்டார வரலாற்றுக்கு ஒரு காட்சிக்கூடம் அமைக்கச் சிலர் முனைந்தார்கள். 'உங்க தரப்புலயும் ஒருத்தர் ஆலோசகரா இருக்கணும்' என்று அனுமந்தன்பட்டிக்கு ஆளனுப்பிக் கூப்பிட்டார்கள். பட்டியல் ஏற்கெனவே தயாராக இருந்தது: ஒரு பறை, ஒரு செருப்புத் தைக்கும் ஊசி, ஒரு சிரட்டை. பறையும் ஊசியும் வேறு வேறு சனங்களுடையவை. அவர்களுக்கு எல்லாம் ஒரே 'தரப்பு'தான். எல்லாருக்கும் சேர்த்து நான் ஒருத்தன் போதும்.

அப்பத்தாவிடம் கேட்டேன். டீக்கடைக் கூரையில் செருகியிருந்த சிரட்டையை எடுத்து, தானே கழுவி, எட்ட நின்று வாங்கிக் குடித்தவள்.

"வையி, வேணாங்கல. அதுல தூக்கி ஊத்துனவுக சொம்பையும் பக்கத்துல வையி. சிரட்டை என்ன தானாவா கூரையில ஏறுச்சு?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "எம் பேரப் போடுவாகளா, இல்ல சாதிப் பேர மட்டும் எழுதுவாகளா?"

படித்த எனக்கு இந்த இரண்டு கேள்வியும் தோன்றவில்லை.

சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன், மனிதர்களின் மண்டையையும் மூக்கையும் அளந்தார். தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றிய அவருடைய ஏழு தொகுதிகள் 1909இல் வந்தன. அதில் சாதிக்கு அளவு இருக்கிறது. அளக்கப்பட்டவன் சொல்ல நினைத்தது எங்கே? நம் பள்ளத்தாக்குக்கே வருவோம். பெரியாறு அணை வேலை 1887இல் தொடங்கி 1895இல் முடிந்தது. பென்னிகுக்குக்கு லோயர் கேம்ப்பில் 2013இல் மணிமண்டபம் திறந்தார்கள். நன்றி சொல்வதில் தப்பில்லை. ஆனால் காட்டில் காய்ச்சலில் செத்த கூலிகளில் எத்தனை பேருடைய பெயர் நமக்குத் தெரியும்?

வேறு மாதிரியும் செய்திருக்கிறார்கள். இலங்கையில் கம்பளை அருகே பழைய லயத்தையே 2007இல் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக மாற்றினார்கள். அமெரிக்காவில் 1990இல் வந்த சட்டத்தின்படி, அரசுப் பணம் வாங்கும் அருங்காட்சியகங்களிடமிருந்து தங்கள் மூதாதையரின் எலும்புகளையும் புனிதப் பொருள்களையும் பூர்வகுடிகள் திரும்பக் கேட்கலாம். வித்தியாசம் இங்கேதான். 'வேண்டாம்' என்று சொல்ல உரிமையுள்ளவனே ஆலோசகன். அது இல்லாதவன் வெறும் கையெழுத்து. நாளைக்கு, 'அவங்க ஆளே ஒத்துக்கிட்டாரு' என்று காட்ட உதவுவான்.

அடுத்த கூட்டத்தில் சொம்பைப் பற்றிச் சொன்னேன். "பழசக் கிளறுனா ஊர் ஒத்துமை கெட்டுப்போகும் தம்பி" என்றார்கள். சிரட்டை மட்டும் பழசு இல்லையா? சிரட்டையைத் தனியாக வைத்தால் அது எங்கள் 'பண்பாடு' ஆகிவிடும். சொம்போடு வைத்தால்தான் குற்றம் என்று தெரியும். வைக்கவே வேண்டாமென்றாலோ, அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று ஆகிவிடும். அதனால்தான் மறுப்பதும் எனக்கு லேசாக இல்லை.

கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டேன். ஆனால் மறுக்க மட்டும் எனக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்? ஏலத்தோட்டத்துக்குப் போன பெண்கள் பொழுது சாய ஜீப்பில் வந்து இறங்குவார்கள். எல்லாரையும் காலனிச் சாவடியில் உட்காரவைத்துக் கேட்க வேண்டும். முதலில் அப்பத்தாவைப் பேசச் சொல்ல வேண்டும், அவள் பேரைச் சொல்லி.